கடைசிக் கேள்விக்கு நான் சொன்ன பதில்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நம் பங்குக் கோயில் மடலில் இந்தப் பக்கத்தில் எழுதுகிறவர்கள் எல்லாம் ஆசிரியர்கள், அருள்சகோதரிகள், உபதேசியார் போன்றவர்கள். நான் ஜீப் ஓட்டுகிறவன். பத்தாம் வகுப்பு வரை போனேன், பாஸாகவில்லை. கோயிலில் வாசகம் வாசிக்க ஆள் தேடினால் தூணுக்குப் பின்னால் போய் நிற்பேன். என் பெயர் அந்தோணிச்சாமி. கூடலூர் ஜீப் ஸ்டாண்டில் ஊமை அந்தோணி என்று கேட்டால்தான் தெரியும்.

அப்படிப்பட்ட நான் எழுத வந்திருப்பதற்கு ஒரே காரணம், மாதாவிடம் கொடுத்த வாக்கு. எல்லோர் முன்னாலும் சொல்கிறேன், மடலிலும் எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். சொல்லவே இரண்டு மாதம் ஆனது. எழுத இன்னும் ஆறு மாதம் ஆகிவிட்டது. வரம் கேட்டுக் கிடைத்த கதையைத்தான் இங்கே எல்லோரும் எழுதுகிறார்கள். நானும் அதைத்தான் எழுதுகிறேன். ஆனால் இதில் நான் நல்லவனாக வரமாட்டேன். அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மனைவி ஆரோக்கியமேரி. ஒரே மகள் ஜெனிபர். ஜெனிபர் பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்தாள். நர்சிங் படிக்க வேண்டும் என்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ள ஆசை. தேனிப் பக்கம் ஒரு கல்லூரியில் இடமும் கிடைத்தது. அந்த வருஷம் பார்த்து என் வண்டியில் கியர்பாக்ஸ் போனது. வண்டி ஓடினால்தான் சோறு. வண்டியைச் சரிசெய்தோம், பிள்ளையைச் சேர்க்க முடியவில்லை. அடுத்த வாரம் அவளும் அம்மாவோடு சேர்ந்து தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்க என் வண்டியிலேயே ஏறினாள். எனக்கு முன்னால் இருக்கும் கண்ணாடியில் பின்சீட்டு முழுதாகத் தெரியும். அதைப் பார்க்காமல் ஓட்டப் பழகிக்கொண்டேன்.

எங்கள் வேலை இதுதான். காலை ஐந்தரைக்குக் கூடலூரில் வண்டி எடுப்பேன். பன்னிரண்டு, பதிமூன்று பெண்கள் ஏறுவார்கள். லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறுவதற்கு முன்னால் ரோட்டோரம் குகை மாதிரிக் கட்டிய சின்ன மாதா கெபி ஒன்று இருக்கிறது. டிரைவர்கள் எல்லோரும் அங்கே எஞ்சினை அணைக்காமல் ஒரு நிமிஷம் நிறுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் ஏறுவோம். இந்து டிரைவர்களும் நிறுத்துவார்கள். பிறகு குமுளி வழியாகக் கேரளா எஸ்டேட். சாயங்காலம் அதே பெண்களோடு இறக்கம்.

மேரி முன்சீட்டில் என் பக்கத்தில் உட்காருவாள். அவள் கையில் எப்போதும் ஒரு பொது அறிவுப் புத்தகம் இருக்கும். ஜெனிபருக்காகக் கம்பம் பஸ் ஸ்டாண்டில் வாங்கியது. மகளை விட இவள்தான் அதைப் படித்துக் கிழித்தாள். ஒன்பதாவதோடு நிறுத்தப்பட்டவள். படிப்பு என்றால் அவளுக்குப் பசி மாதிரி. வண்டி கிளம்பியதும் பின்னால் திரும்பிக் கேள்வி கேட்பாள். பெண்கள் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். பெரும்பாலும் தப்பாக இருக்கும். பஞ்சவர்ணம் அக்கா என்று ஒருவர், அந்த வண்டிக்கே வாய் அவர்தான்.

“ஏத்தா மேரி, ஜப்பானுக்குத் தலநகரம் எதுவா இருந்தா நமக்கென்ன? அங்கன காய் எடுக்க ஆளு கேக்குறாகளா?”

“கேட்டாகன்னா ஒன்னயத்தான் மொதல்ல அனுப்புவேன்க்கா.”

“டிரைவர் தம்பி வண்டிய நேரா அங்கனயே விட்டுரட்டும். நடுவுல கடலு இருந்தாலும் வாயத் தொறந்து சொல்ல மாட்டாப்ல.”

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். எனக்கு ஜப்பானின் தலைநகரம் தெரியும். தினமும் கேட்டுக் கேட்டு அந்தப் புத்தகத்தில் பாதி எனக்கு மனப்பாடம். ஆனால் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

பெண்களுக்காக ஒரு டிவியில் கேள்வி பதில் நிகழ்ச்சி நடத்துகிறார்கள். பத்துக் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் நாலு பதில் கொடுப்பார்கள், சரியானதைச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு தடவை வெளியே யாருக்காவது போன் போட்டுக் கேட்கலாம். ஒன்பது கேள்விக்குப் பதில் சொன்னதும் விலகிக்கொண்டால் கொஞ்சம் பரிசு. பத்தாவதையும் சொன்னால் பெரிய பரிசு. பத்தாவது தப்பினால் எல்லாம் போய்விடும், ஒரு குக்கரைக் கொடுத்து அனுப்புவார்கள். மேரி யாரிடமும் சொல்லாமல் ஜெனிபர் போனிலிருந்து பெயர் பதிந்திருந்தாள். மதுரையில் நடந்த தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். தேர்வானாள். ஜூலையில் சென்னைக்கு வரச் சொன்னார்கள். பெரிய பரிசு வந்தால் ஜெனிபரை இந்த வருஷம் சேர்த்துவிடலாம். வேறு வழி எங்களுக்கு எதுவும் தெரியவில்லை.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கொஞ்சம் பட்டேன். ஆனால் ஸ்டாண்டில் பேச்சு ஆரம்பமாகிவிட்டது. என்னோடு இருபது வருஷமாக வண்டி ஓட்டுகிற முருகேசன் எல்லோர் முன்னாலும் கத்தினான்.

“ஏலே அந்தோணி, வண்டிக்கு முன்னால டிவி புகழ் மேரின்னு போர்டு மாட்டிருடா. இனிமே நீ அவுகளுக்குக் கிளீனருதேன்.”

எல்லோரோடும் சேர்ந்து சிரித்தேன். கூச்சப்படுகிறவனுக்குக் கோபம் வராது என்று நினைக்கிறார்கள். வரும். வெளியே போக வழி இல்லாமல் உள்ளேயே கிடக்கும். அன்றிலிருந்து மேரி புத்தகத்தைத் திறந்தாலே எனக்கு எரிச்சலாக இருந்தது. வேண்டுமென்றே ஹாரன் அடிப்பேன். இதையெல்லாம் எழுதக் கை கூசுகிறது.

சென்னைக்கு நான் போகவில்லை. காய் எடுப்பு ஆரம்பிக்கிற நேரம், வண்டியை நிறுத்த முடியாது என்று சொன்னேன். உண்மை அதுவல்ல. அவளுக்குப் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நிற்க எனக்கு மனம் இல்லை. ஜெனிபர் கூடப் போனாள். கிளம்புகிற அன்று மேரி சொன்னாள்.

“போன் உதவிக்கு ஒங்க நம்பரத்தான் குடுத்திருக்கேன்.”

“டீச்சரு யாரு நம்பரயாச்சும் குடுக்க வேண்டியதுதான?”

“நீங்க எடுத்தாப் போதும்” என்றாள்.

மதியம் இரண்டு மணியிலிருந்து நாலு மணிக்குள் கூப்பிடுவோம், சிக்னல் நன்றாக இருக்கிற இடத்தில் ஆடாமல் நிற்க வேண்டும் என்று சென்னையிலிருந்து ஒரு பெண் போனில் சொல்லியிருந்தார். எங்கள் வீடு தகரக் கூரை, உள்ளே சிக்னல் வராது. மலை ஏறினால் போன் கேரளா டவருக்குத் தாவி நடுவில் அறுந்துவிடும். நல்ல சிக்னல் கிடைப்பது கெபிப் பக்கம்தான். அங்கேயே வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். மலையிலிருந்து சாரல் அடித்துக்கொண்டிருந்தது. வேறு ஆள் இல்லை. மூன்றேகாலுக்குப் போன் அடித்தது.

“சார், லைன்ல இருங்க” என்று அதே பெண் சொன்னார். ஒரு நொடி சத்தமே இல்லை. பிறகு லைன் திறந்தது. திறந்ததும் கேட்டது சிரிப்பு. நூறு பேர் இருக்கும், கைதட்டிக்கொண்டு சிரிக்கிறார்கள். நிகழ்ச்சி நடத்துகிறவர் சிரிப்பு அடங்காமலே பேசினார்.

“வணக்கம் சார். நீங்க ஜீப் டிரைவராமே? இது கடைசிக் கேள்வி. உங்களுக்கு முப்பது நொடி இருக்கு.”

மறுபடியும் சிரிப்பு. எனக்குக் காது சூடானது. என்னைப் பற்றி அவள் ஏதோ சொல்லித்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். ஊமை என்று சொல்லியிருப்பாள். வேறு என்ன சொல்லியிருப்பாள்?

மேரி கேள்வியை வாசித்தாள். டிவியில் பேசுகிற தமிழில் திருத்தமாக வாசித்தாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

“டீசல் எஞ்சினில் டீசல் எதனால் பற்றிக்கொள்கிறது? ஒன்று, பிளக்கில் வரும் தீப்பொறி. இரண்டு, அழுத்தப்பட்ட காற்றின் சூடு. மூன்று, பேட்டரி மின்சாரம். நான்கு, ரேடியேட்டரின் வெப்பம்.”

இருபத்தாறு வருஷமாக டீசல் வண்டி ஓட்டுகிறேன். எஞ்சினைப் பாதி வரை நானே பிரித்துச் சேர்ப்பேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். காற்றின் சூடு என்று சொல்ல ஒரு நொடி போதும்.

“தெரியாது” என்றேன்.

அங்கே சிரிப்பு நின்றது. மேரி குரல் மாறியது. வீட்டுக் குரலில் கேட்டாள்.

“ஏங்க, நல்லா யோசிங்க. நேரம் இருக்கு.”

“தெரியாது மேரி.”

லைன் அறுந்தது. பதினாறு நொடி மீதி இருந்தது என்பதைப் பிறகு டிவியில் பார்த்தேன்.

போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு நிமிஷம், உண்மையைச் சொல்கிறேன், நன்றாக இருந்தது. இப்போது சிரிக்கட்டும் என்று நினைத்தேன். அடுத்த நிமிஷம் ஜெனிபர் முகம் வந்தது. தலையில் துண்டு கட்டிய முகம். இந்தப் பதில் தப்பினால் அவளுக்கு இந்த வருஷமும் போய்விட்டது. இன்னொரு வருஷம் போனால் அவளுக்கே ஆசை விட்டுப் போகும். இதைச் செய்தது யாரோ இல்லை, அவளுடைய அப்பன்.

பதறிக்கொண்டு அந்த நம்பருக்குத் திரும்பப் போட்டேன். போகவில்லை. மறுபடியும் போட்டேன். போகவில்லை. அப்போதுதான் நிமிர்ந்தேன். எதிரே மாதா சுரூபம். தினமும் வண்டியை நிறுத்திக் கும்பிடுகிற இடத்திலேயே உட்கார்ந்துகொண்டு, அந்தத் தாயின் முகத்துக்கு நேராகத்தான் தெரியாது என்று சொல்லியிருக்கிறேன்.

வண்டிக் கண்ணாடியில் தொங்கிய செபமாலையைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினேன். சேற்றிலேயே முழங்கால் போட்டேன். செபம் வாயில் வரவில்லை. வந்தது இதுதான்.

“ஆத்தா, அவ தோக்கக் கூடாது. நான் செஞ்ச வேலைக்கு அவளும் எம்புள்ளையும் தோக்கக் கூடாது. அவளுக்குப் பதிலக் குடு. அவ செயிச்சா, நான் செஞ்சத எல்லாரு முன்னாலயும் எவ்வாயாலயே சொல்றேன். கோயில் மடல்லயும் எழுதுறேன்.”

இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு லாரிக்காரர் நிறுத்தி, “என்னண்ணே, யாருக்காச்சும் எதுவும் ஆயிப்போச்சா?” என்று கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன்.

ஐந்து மணிக்கு மேல் ஜெனிபர் கூப்பிட்டாள். கத்தினாள்.

“அப்பா, அம்மா செயிச்சிருச்சுப்பா! பத்தும் சொல்லிருச்சு!”

வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

“எப்புடித்தா? யாரு சொன்னா?”

“அம்மாவேதான் சொல்லுச்சு. மத்ததெல்லாம் டிவியில பாருங்கப்பா. உள்ள நடந்தத முன்கூட்டி வெளிய சொல்லக் கூடாதுன்னு எழுதி வாங்கியிருக்காக. நீங்க பயந்துட்டீகளாப்பா?”

“ஆமாத்தா. பயந்துட்டேன்.”

நான் கேட்டது கிடைத்தது. கேட்ட அன்றே கிடைத்தது. இங்கேயே நான் சாட்சியை முடித்திருந்தால் நன்றாக இருக்கும். ஆனால் மாதா தன் பங்கைச் செய்தாள், நான் என் பங்கைச் செய்யவில்லை.

அவர்கள் ஊருக்கு வந்தபோது ஸ்டாண்டிலேயே மாலை போட்டார்கள். எனக்கும் ஒன்று போட்டார்கள். போட்டுக்கொண்டேன். மூன்றாம் நாள் சோறு போடும்போது மேரி ஒரே ஒரு தடவை கேட்டாள்.

“அன்னைக்கு லைனு சரியா கேக்கலயோ?”

“ஆமா. ஒரே எரைச்சலு.”

“ம்” என்றாள்.

கெபியில் ஒன்று, மகளிடம் ஒன்று, மனைவியிடம் ஒன்று. மூன்று பொய். சேவல் கூவுவதற்குள் ஆண்டவரை மூன்று தடவை மறுதலித்த சீடரைப் பற்றி நம் மக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்று தெரியும். அதற்குப் பதில் வேறு எதையாவது கொடுத்துச் சரிக்கட்டப் பார்த்தேன். என் உயரத்துக்கு மெழுகுதிரி வாங்கிக் கெபியில் ஏற்றினேன். காற்றில் பாதியிலேயே அணைந்தது. கெபிக்கு வெள்ளை அடித்துக் கொடுத்தேன். மாதா திருவிழாவில் ஒன்பது நாளும் சப்பரத்துக்குத் தோள் கொடுத்தேன். நவநாள் முடிவில் பாவசங்கீர்த்தனத்துக்கும் போனேன். வண்டியில் அளவுக்கு மேல் ஆள் ஏற்றியது, பீடி குடிப்பது, ஞாயிறு பூசையைத் தவறவிட்டது என்று எல்லாவற்றையும் சாமியாரிடம் சொன்னேன். இதை மட்டும் சொல்லவில்லை. எழுந்து வரும்போது பாரம் ஏற்றிய வண்டி மாதிரி வந்தேன்.

செப்டம்பரில், திருவிழா முடிந்த அடுத்த ஞாயிறு, நிகழ்ச்சி டிவியில் வந்தது. மதியம் பன்னிரண்டு மணி. பூசை முடிந்து, எங்கள் தெருக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கிற அன்பியத்தில் பாதிப் பேர் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். வண்டிப் பெண்கள் வந்தார்கள். பஞ்சவர்ணம் அக்கா டிவிக்கு நேரே முதல் இடம். முருகேசன் வாசல்படியில் உட்கார்ந்திருந்தான். நான் கதவை ஒட்டி நின்றேன்.

ஒன்பது கேள்வி வரை ஒரே ஆரவாரம். பத்தாவது கேள்வி வந்தது. போன் உதவி வேண்டும் என்றாள் மேரி. யாருக்கு என்று கேட்டார் நடத்துகிறவர்.

“எங்க வீட்டுக்காரவுகளுக்கு.”

“ஜீப் ஓட்டுறார்னு சொன்னீங்களே, அவருக்கா? சரியான ஆளு. பேரு என்ன?”

மேரி வாயைப் பொத்திக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். மேரிக்கு வாக்குச்சாவடியில் கேட்டால்கூட வராது.

“பேரச் சொல்ல மாட்டேன் சார்.”

“இந்தக் காலத்துலயுமா? பேரு சொன்னாத்தான் போன் போடுவோம்” என்று அவர் விளையாட்டுக்குச் சொன்னார். மேரி அங்கேயும் இங்கேயும் பார்த்தாள். “ஒரு பேனா குடுங்க சார்” என்றாள். வாங்கி, உள்ளங்கையில் எழுதி, கையை அப்படியே கேமராவுக்கு நேரே நீட்டினாள். அந்தோணிச்சாமி. டிவி முழுக்க அவள் கை. காய் எடுத்துக் கறுத்த விரல்கள். நடுவில் என் பெயர். அரங்கம் முழுதும் கைதட்டிச் சிரித்தது. அந்தச் சிரிப்பு நடந்துகொண்டிருக்கும்போதுதான் எனக்கு லைன் கொடுத்திருக்கிறார்கள்.

நான் போனில் கேட்ட சிரிப்பு அதுதான்.

பிறகு என் குரல் வந்தது. “தெரியாது.”

“அடப் பாவி மனுசா! வண்டி ஓட்டுறவுகளுக்கே தெரியலயா!” என்று பஞ்சவர்ணம் அக்கா தொடையில் அடித்துச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். முருகேசன் மட்டும் சிரிக்கவில்லை. அவனும் டிரைவர். அது ஒரு டிரைவருக்குத் தெரியாமல் இருக்காது என்று அவனுக்குத் தெரியும். என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

டிவியில் நடத்துகிறவர், “டிரைவரே தெரியாதுன்னுட்டாரே, இத்தோட விலகிக்கிறீங்களா?” என்று கேட்டார். மேரி கண்ணை மூடி, நெஞ்சில் சின்னதாகச் சிலுவை போட்டாள். “இல்ல சார். ரெண்டாவது. காத்துச் சூடு” என்றாள். சரியான பதில். வீட்டில் விசில் பறந்தது. அவர் விடவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்டார்.

“முன்ன ஒரு மார்கழி மாசம் மலையில பனிக்கு வண்டி ஸ்டார்ட் ஆகல சார். பைக்குல மாதிரி இதுல பிளக்கு இல்லயான்னு கேட்டேன். அவுகதான் சொல்லிக் குடுத்தாக. சைக்கிளுக்குக் காத்தடிக்கிறப்ப பம்பு அடியில தொட்டுப் பாரு, சுடும். காத்த அமுக்குனாச் சூடாகும், அந்தச் சூட்டுல டீசலு தானா பத்திக்கிரும்னு.”

“இவ்வளவு தெரிஞ்சு வச்சுக்கிட்டு எதுக்கும்மா போன் போட்டீங்க?”

மேரி உள்ளங்கையில் எழுதியதைப் பார்த்துக்கொண்டாள்.

“அவுக கூட்டத்துல பேச மாட்டாக சார். அவுக பேசி நாலு பேரு கேட்டதில்ல. அவுகளுக்குத் தெரிஞ்ச கேள்வியா வந்துச்சு. அவுகளே சொல்லிட்டா நல்லாருக்குமேன்னு பாத்தேன். கூச்சத்துல பயந்துட்டாக.”

விளம்பரம் போட்டார்கள்.

எனக்கு அந்த மார்கழி மாதம் மறந்தே போயிருந்தது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஏழெட்டு வருஷம் இருக்கும். பெண்கள் எல்லோரும் இறங்கித் தீ மூட்டிக் குளிர் காய்ந்துகொண்டிருந்தார்கள். மேரி மட்டும் பானெட் பக்கம் வந்து நின்று கேட்டாள். நான் சொன்னேன். அவ்வளவு நேரம் நான் யாரிடமும் பேசியதில்லை. கெபியில் சேற்றில் முழங்கால் போட்டு, அவளுக்குப் பதிலைக் கொடு என்று நான் கெஞ்சினேனே, அந்தப் பதிலைக் கடவுள் எத்தனையோ வருஷத்துக்கு முன்னாலேயே என் வாயாலேயே அவளுக்குக் கொடுத்து வைத்திருந்தார். இந்த வாய் ஒரு நாள் மறுக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

கதவைப் பிடித்துக்கொண்டு, “ஒண்ணு சொல்லணும்” என்றேன். யாரும் கவனிக்கவில்லை. ஜெனிபர்தான் பார்த்துவிட்டு டிவி சத்தத்தைக் குறைத்தாள்.

“எனக்குத் தெரியும். அன்னைக்கும் தெரியும். பயமும் இல்ல, எரைச்சலும் இல்ல. வேணும்னேதான் தெரியாதுன்னு சொன்னேன். என்னய வச்சுச் சிரிக்கிறாகன்னு நெனச்சேன். இவ செயிக்கிறது எனக்குப் பொறுக்கல. அவ செயிச்சா இதச் சொல்றேன்னு அன்னைக்கே மாதாவுக்கு வாக்குக் குடுத்தேன். இன்னைக்குத்தான் சொல்றேன்.”

பஞ்சவர்ணம் அக்காதான் முதலில் எழுந்தார். சேலையை உதறிக்கொண்டார்.

“இத்தன வருசத்துல தம்பி இம்புட்டுப் பேசி இன்னைக்குத்தேன் கேக்குறேன்” என்றார். “பேசுன பேச்சப் பாரு.”

ஒவ்வொருவராகப் போனார்கள். ஜெனிபர் டிவியை அணைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. மேரி அடுப்படியில் இருந்தாள். நான் போய் நிலைப்படியில் நின்றேன்.

“லைனு சரியில்லன்னு சொன்னீக” என்றாள்.

“ஆமா.”

“அதையும் நம்புனேன்.”

கரண்டியைக் குழம்பில் விட்டுக் கிண்டினாள்.

“என்னய விடுங்க. ஜெனிய நெனைக்கலயா?”

“போன வச்சப்பறம்தான் நெனச்சேன்.”

அவள் திரும்பிக் குழம்பை இறக்கினாள். எனக்குத் தட்டில் சோறு போட்டு வைத்தாள். அவள் சாப்பிடவில்லை. அன்று அவள் என்னை மன்னித்தாள் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் அப்படி எதுவும் அவள் சொல்லவில்லை. இந்த எழுத்திலும் பொய் வரக் கூடாது.

அன்று சாயங்காலமே கோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம் முழுப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். முருகேசன் இரண்டு நாள் கழித்து வந்து, “நான் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கணும்டா” என்றான். தெரியாது என்று சொன்ன வாய் என்னுடையது, அவனுடையது இல்லை என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்தேன். பரிசு கைக்கு வந்ததும் ஜெனிபர் கல்லூரியில் சேர்ந்தாள். வெள்ளைச் சீருடையில் முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது, கொஞ்ச நேரம் வாசலில் நின்றுவிட்டு, “அப்பா, தண்ணி குடுங்க” என்றாள். அவ்வளவு நாள் கழித்து அவள் வாயில் அப்பா வந்தது. செம்பை நிறைத்துக் கொடுத்தேன். தவக்காலத்தில் ஒரு ஞாயிறு, கோயிலில் வாசகம் வாசித்தேன். யாராவது சிரித்தார்களா என்று தெரியாது. சிரித்திருந்தாலும் அது என்னைப் பற்றியதாக இருக்க வேண்டியதில்லை என்று இப்போது தெரியும்.

இதை எழுதி முடித்ததும் மேரியிடம்தான் முதலில் படிக்கக் கொடுத்தேன். வேண்டாம் என்று சொன்னால் கிழித்துவிடலாம் என்று இருந்தேன். முழுவதும் படித்தாள். “கெபிக்கு வெள்ள அடிச்சது நீங்க மட்டும் இல்ல, முருகேசண்ணனும் கூட வந்தாக” என்றாள். வேறு எதையும் மாற்றச் சொல்லவில்லை.

அன்பான பங்கு மக்களே, நான் உங்களுக்குச் சொல்ல இரண்டுதான் இருக்கிறது. கடவுள் நல்லவர்கள் கேட்டால் மட்டும் கொடுப்பவர் அல்ல. தப்புச் செய்துவிட்டு, செய்த இடத்திலேயே, சேற்றுக் கையோடு நான் கேட்டேன். எனக்கும் கொடுத்தார். ஆகவே நான் எந்த முகத்தோடு கேட்பேன் என்று யாரும் கேட்காமல் இருக்காதீர்கள். இன்னொன்று, வாக்குக் கொடுத்தால் சொன்னதையே செய்யுங்கள். மெழுகுதிரி கொடுத்து அதைச் சரிக்கட்ட முடியாது. நான் பார்த்துவிட்டேன். மாதாவுக்கு நன்றி. மேரிக்கும் நன்றி, அதை நேரில் சொல்ல இன்னும் எனக்கு வாய் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் நடந்ததையும் சொல்லி முடித்துக்கொள்கிறேன். திங்கட்கிழமை வழக்கம்போல ஐந்தரைக்கு வண்டி எடுத்தேன். பன்னிரண்டு பேர் வந்தார்கள். மேரி முன்சீட்டில் ஏறவில்லை. பின்னால் ஜெனிபர் பக்கத்தில் உட்கார்ந்தாள். முன்சீட்டில் பஞ்சவர்ணம் அக்கா உட்கார்ந்தார். கெபியில் நிறுத்திக் கும்பிட்டோம். மலை ஏறத் தொடங்கியதும் மேரி புத்தகத்தைத் திறந்தாள். இரண்டு கேள்விக்குப் பெண்கள் பதில் சொன்னார்கள். இந்தியாவில் சூரியன் முதலில் உதிக்கிற மாநிலம் எது என்பது மூன்றாவது கேள்வி. யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும். அருணாச்சலப் பிரதேசம் என்றேன். பஞ்சவர்ணம் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். சரி என்று சொல்லிவிட்டு மேரி அடுத்த கேள்வியைக் கேட்டாள்.